டிரைவர் எழுதியவர் மேசை

1998-இல் சர்வரில் 128 எம்பி ராம் வாங்கிப் போட்டால், அதில் மேல்பாதியும் இருக்கிறது என்ற சேதியை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நாம்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும். காசு கொடுத்தது நாம், சொருகியது நாம், கடைசியில் சாட்சி சொல்ல வேண்டியதும் நாம். மெமரி எவ்வளவு என்று பயாஸைக் கேட்கும் பழைய முறையில், பதில் 16 பிட்டுக்குள் அடங்கியாக வேண்டும். கிலோபைட்டில் எண்ணினால் அது 64 எம்பி சுமாருக்கு நின்றுபோகும். லினக்ஸ் என்றால் லைலோ கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். ஃப்ரீபிஎஸ்டி என்றால் கெர்னல் கான்ஃபிக் கோப்பில் மேக்ஸ்மெம் என்று ஒரு வரி சேர்த்து, கெர்னலையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஆர்வக்கோளாறில் இருப்பதைவிட அதிகமாக எழுதிவிட்டால், இல்லாத மெமரியில் போய் எழுதப் பார்த்து மெஷின் மல்லாந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னால் என் அக்கா மகன் நம்புவதில்லை. பெருங்குடியில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் அவன்தான் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறானே தவிர, அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவை மும்பையிலோ ஹைதராபாதிலோ ஏதோ ஒரு கட்டடத்தில் ஓடுகின்றன. மெமரி போதவில்லை என்றால் பட்டியலை இறக்கி, 64-க்குப் பதில் 128 என்று தட்டுகிறான். எம்பி இல்லை, ஜிபி. “அவ்வளவுதான் மாமா” என்கிறான். அவனுடைய தலைமுறையில் ராம் என்பது மாதாந்திர பில்லில் வரும் ஒரு வரி.

அந்த 1998-இல் நான் தேனாம்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். இணையச் சேவை நடத்தத் தனியாருக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். டயல்அப் கணக்கு விற்பதும், ஊர்க் கம்பெனிகளுக்கு மெயில் வைத்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். விண்டோஸ் என்டி லைசென்ஸ் விலையைக் கேட்டதும் முதலாளிக்குத் திறந்த மூலத்தின் மேல் தத்துவப் பிடிப்பு வந்துவிட்டது. லினக்ஸ், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் கிடைத்தது. ஃப்ரீபிஎஸ்டி, அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த ஒரு நண்பரின் பெட்டியில் வந்தது. ஆனால் அந்தத் தத்துவம் ஹார்ட்வேர் கொட்டேஷனை நீட்டியதும் ஆட்டம் கண்டது.

“ஏம்ப்பா, சாஃப்ட்வேரே சும்மா கிடைக்குது. மெஷினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு போட்டிருக்கே?”

பிராண்டட் சர்வர் விற்க வந்த சேல்ஸ்மேன் டை கட்டிக்கொண்டு, ஏசி ரூமில் வியர்க்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். என்டி இருந்தது, நாவல் நெட்வேர் இருந்தது, எஸ்சிஓ யூனிக்ஸ் இருந்தது. “அது எங்க லிஸ்ட்லயே இல்லையே சார்” என்றார், சொந்த ஊர் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ரிட்சி ஸ்ட்ரீட்டைப் பார்த்துக் கிளம்பினேன்.

மவுண்ட் ரோடிலிருந்து திரும்பியதும் தொடங்கும் அந்தத் தெருவில் அன்றைக்குக் கிடைக்காத பாகம் கிடையாது. நம்பி வாங்கக்கூடிய பாகம்தான் அரிது. பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. புதுசு, ஓஇஎம், செகண்ட் ஹேண்ட் என்று மூன்று ஜாதி. மூன்றாவதற்கு “டெஸ்டிங் வாரண்டி”: கடையிலேயே சொருகிப் பார்த்து ஓடினால் சரி, படியிறங்கிவிட்டால் கடைக்காரருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் வழக்கமாகப் போகும் கடையின் பாய் நல்ல மனிதர். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் “சார், நீங்களே பாத்துக்கோங்க” என்று மட்டும் சொல்வார். அதுவே பெரிய தகவல்.

முதல் சிக்கல் நெட்வொர்க் கார்டு. தெருவெங்கும் ரியல்டெக் 8139 சிப் வைத்த கார்டுகள் கொட்டிக் கிடந்தன. ஒரு இன்டெல் கார்டின் காசில் அதில் பல வாங்கலாம். சப்போர்ட் உண்டா என்று ஃப்ரீபிஎஸ்டியின் ஹார்ட்வேர் பட்டியலைப் பார்த்தால், உண்டு என்றுதான் இருக்கும். இதில்தான் பலரும் ஏமாந்தார்கள். பட்டியலை மூடிவிட்டு டிரைவரின் மூலநிரலைத் திறக்க வேண்டும். அந்த டிரைவரை எழுதிய பில் பால், கோப்பின் முகப்பிலேயே அந்தச் சிப்பை வறுத்தெடுத்திருந்தார். வரும் பாக்கெட் ஒவ்வொன்றையும் பிராசஸர் உட்கார்ந்து ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்ய வேண்டியிருக்கும் வடிவமைப்பு அது. வாங்காதே என்று கடைக்காரர் சொல்ல மாட்டார், விளம்பரம் சொல்லாது. டிரைவர் எழுதியவர் சொல்லிவிட்டார், அதுவும் கோபமாக. திறந்த மூலத்தில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் மூலநிரல் இல்லை, அதிலிருந்த கமென்ட்தான்.

இன்டெல் ஈதர்எக்ஸ்பிரஸ் ப்ரோ 100 கார்டின் டிரைவர் எஃப்எக்ஸ்பி. அதன் தலைப்பில் டேவிட் கிரீன்மன் என்ற பெயர் இருக்கும். கலிபோர்னியாவின் வால்நட் க்ரீக் சிடிராம் நிறுவனம் அந்நாளில் உலகத்துக்கெல்லாம் இலவச மென்பொருள் இறக்கிக் கொடுத்த ஒரு எஃப்டிபி சர்வரை நடத்தியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்பார்கள். அவ்வளவு பேருக்கும் பதில் சொன்னது பென்டியம் ப்ரோ பிராசஸர் போட்ட, ஃப்ரீபிஎஸ்டி ஓடிய ஒரே ஒரு மெஷின். அதைக் கட்டி மேய்த்தவர் இதே கிரீன்மன். டிரைவரில் பிழை இருந்தால் ராத்திரி முதலில் தூக்கம் கெடுவது அவருக்குத்தான். அந்தக் கார்டு எங்கள் மெஷினில் ஏன் சலிக்காமல் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஹார்ட்வேர் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இதற்கு டிரைவர் எழுதியவர் மேசையில் இதே சாமான் இருந்ததா? இருந்து, தினமும் ஓடி, அவர் பிழைப்பும் அதில் தொங்கியிருந்தால் வாங்கலாம். “ரிப்போர்ட்டட் டு வொர்க்” என்று பட்டியலில் இருந்தால், எங்கோ யாரோ ஒருவர் ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் எழுதிப் போட்டிருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் புத்தம் புதுசு எப்போதும் தோற்கும். வந்து ஒரு வருஷம் ஆகி, கடைக்காரர் தள்ளுபடி பேசத் தொடங்கும் சாமான்தான் ஜெயிக்கும். முதலாளிக்கு இது பிடித்திருந்தது, காரணம் வேறு.

ஸ்கஸி கார்டுக்கும் அதே விதி. அடாப்டெக் 2940-க்கு ஃப்ரீபிஎஸ்டியில் இருந்த டிரைவர் அவ்வளவு தரம். ஆனால் கம்பெனி பெயரை வைத்து விதியை நீட்டக்கூடாது என்பதையும் அதே அடாப்டெக்தான் கற்றுக்கொடுத்தது. ரெய்டு கார்டுகளுக்கு வேண்டிய ஆவணங்களைத் தரவில்லை என்று சண்டை முற்றி, 2005-இல் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் அந்த டிரைவரைத் தங்கள் கெர்னலிலிருந்தே கழற்றிவிட்டார்கள்.

ராமுக்கு வருவோம். அங்கே இந்த விதி செல்லாது. ராமுக்கு டிரைவர் கிடையாது. அதனால்தான் தில்லாலங்கடி எல்லாம் அங்கே குவிந்தது. பழைய சிம் பலகைகளில் பாரிட்டி என்று ஒரு வசதி உண்டு. எட்டு பிட்டுக்கு ஒரு காவல் பிட், ஆக ஒன்பது. கூடுதல் சிப்புக்குக் காசு கூடுதல். இதற்கு யாரோ ஒரு மகானுபாவர் வழி கண்டுபிடித்தார். காவல் பிட்டைச் சேமித்து வைக்காமல், கேட்கும் நொடியில் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு மலிவுச் சிப்பை வைத்துவிட்டார். உள்ளே இருக்கும் தகவல் கெட்டிருந்தாலும், கெட்ட தகவலுக்குப் பொருத்தமான பாரிட்டியை அது உடனே தயாரித்துக் கொடுத்துவிடும். பிழையே வராது, வருஷக்கணக்கில் வராது. சந்தையில் இதற்குப் பாரிட்டி ராம் விலை.

மதர்போர்டு இன்னொரு கூத்து. 1997-இல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் 256 எம்பி வரை ராம் ஏற்கும். ஆனால் முதல் 64 எம்பிக்குத்தான் எல்2 கேஷ். பந்தியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம், முதல் வரிசைக்கு மட்டும் சாம்பார் என்பது மாதிரி ஏற்பாடு. ராம் கூட்டியதும் மெஷின் மந்தமாகிவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் நிறைய. அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. 1998-இல் 440பிஎக்ஸ் வந்ததும்தான் மூச்சு வந்தது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்த சிப்செட் அது. ஆனால் இசிசி ராம் ஏற்கும். 64 பிட் தகவலோடு 8 பிட் காவல் சேர்த்து 72 பிட். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் சத்தம் போடும். பலகையைக் கையில் வாங்கி ஒரு பக்கத்தில் இருக்கும் கறுப்புச் சிப்புகளை விரலால் எண்ண வேண்டும். எட்டு என்றால் சாதா, ஒன்பது என்றால் இசிசி. ரிட்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பெக் ஷீட்டைவிட இந்த விரல் கணக்குக்குத்தான் மரியாதை.

வாங்கியதை எப்படிச் சோதிப்பது? மெம்டெஸ்ட்86 இருந்தது. அதைவிட ஊரறிந்த சோதனை கெர்னல் கம்பைல். ஜிசிசி ஓடிக்கொண்டிருக்கும்போது பாதி வழியில் “சிக்னல் 11” என்று செத்து விழும். மறுபடி ஓட்டினால் வேறொரு கோப்பில் சாகும். நிரலில் பிழை இருந்தால் ஒரே இடத்தில்தான் விழ வேண்டும்; இடம் மாறி மாறி விழுந்தால் ராம் சரியில்லை. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடிப் பாஸ் போட்ட ராமை, கம்பைலர் அரை மணியில் பிடித்துக் கொடுத்ததும் உண்டு. பாயிடம் கொண்டுபோய் “கம்பைல் ஆகலை” என்றால், “விண்டோஸ் ஓடுதா சார்?” என்பார். ஓடும். எப்போதாவது நீலத்திரை வரும், ரீஸ்டார்ட் செய்வார்கள், யாரும் ராமைச் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான் மெமரி முழுவதையும் பிடித்து வேலை வாங்கி, கெட்ட பெயரும் வாங்கிக்கொண்டது.

மாற்றுவதற்கு முன் ஒரு வைத்தியம் உண்டு. ராமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்க வேண்டும். வெள்ளை ரப்பர், மண் ரப்பர் கூடாது. கால்களின் நீளவாக்கில், ஒரே திசையில். துகளை ஊதிவிடக்கூடாது, எச்சில் ஈரம் படும். பிரஷால் தட்ட வேண்டும். கடல்காற்று அடிக்கும் ஊரில் பாதி சிக்னல் 11 இதிலேயே தீர்ந்துபோகும். லட்ச ரூபாய் மெஷினின் மெயின்டனன்ஸ் கிட்டில் நடராஜ் ரப்பரும் இருந்தது என்றால் அக்கா மகன் சிரிக்கிறான்.

1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம். ராம் விலை எகிறியது. அந்த வாரம் ரிட்சி ஸ்ட்ரீட்டில் டீ குடித்தவர்கள் எல்லாம் புவியியல் பேசினார்கள். அடுத்த வருஷம் இன்டெல்லே சறுக்கியது. 820 சிப்செட்டில் சாதா எஸ்டிராமை ஓட்டுவதற்காக வைத்த ஒரு இடைத்தரகுச் சிப் தகவலைக் கெடுக்கிறது என்று தெரிந்து, 2000 மே மாதம் போர்டுகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. புதுசு வாங்குவதில்லை என்ற எங்கள் கஞ்சத்தனம் அன்றைக்கு ஒரே நாளில் தொலைநோக்காகிவிட்டது. முதலாளி அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிறகு வந்தது 4 ஜிபி என்ற சுவர். 32 பிட் முகவரியில் அதற்கு மேல் எட்டாது. பென்டியம் ப்ரோ காலத்திலிருந்தே பிராசஸருக்குள் 36 பிட் முகவரி வசதி இருந்தது, பிஏஇ என்று பெயர், 64 ஜிபி வரை போகலாம். பிராசஸரில் இருப்பது வேறு, கெர்னலுக்குப் பழகுவது வேறு. லினக்ஸ் 2001-இல் 2.4 வெளியீட்டில் அதைச் செய்தது. ஃப்ரீபிஎஸ்டியின் 4 வரிசைக்கு 2003-இல் 4.9 வரை ஆனது. வந்த பிறகும் என்ன நிலைமை? ஃப்ரீபிஎஸ்டியின் பிஏஇ கெர்னலில், 4 ஜிபிக்கு மேலே இருக்கும் முகவரியைப் பார்த்து மிரளும் டிரைவர்களையெல்லாம் வெளியே நிறுத்தியிருந்தார்கள். மாட்யூல் ஏற்ற முடியாது. லினக்ஸில் வேறு விசித்திரம். கெர்னல் நேரடியாகக் கைவைக்கக்கூடியது கீழே உள்ள 896 எம்பி மட்டும். மேலே எவ்வளவு ராம் போட்டாலும் அதற்கான கணக்கேட்டை இந்தக் கீழ்ப்பகுதியில்தான் எழுத வேண்டும். 16 ஜிபி போட்டால் ஏட்டுக்கே கீழ்ப்பகுதியில் கணிசமான பங்கு போய்விடும். ஒரு கஸ்டமர் மெஷினில் மெமரி பாதிக்கு மேல் காலி என்று திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, மெமரி இல்லை என்று சொல்லி கெர்னல் டேட்டாபேஸைக் கொன்றுபோட்டது. இன்னும் கொஞ்சம் ராம் போடலாமா என்று கேட்டார்கள். போட்டால் இன்னும் சீக்கிரம் சாகும் என்று விளக்குவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

2003 ஏப்ரலில் ஏஎம்டி ஆப்டெரான் வந்தது. 64 பிட். ஒரே வீச்சில் இந்த ஜாலவித்தைகள் எல்லாம் பழங்கதையாகிவிட்டன. வருஷக்கணக்காக நாங்கள் சேர்த்து வைத்திருந்த பிஏஇ ஞானத்துக்கு ஒரு பைசா மதிப்பில்லாமல் போயிற்று. முழுக்கப் போய்விடவில்லை, 2008-இல் ஃப்ரீபிஎஸ்டி 7.0-வில் இசட்எஃப்எஸ் வந்தபோது, பழைய 32 பிட் பெட்டியில் அதை ஓட்டப் பார்த்தவர்களுக்கு “கேமெம்_மேப் டூ ஸ்மால்” என்று ஒரு பேனிக் வரும், மெஷின் குப்புற விழும். அந்தச் சமயத்தில் மட்டும் எங்களைப் போன்ற கிழடுகளுக்குப் போன் வந்தது.

இன்றைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்குக் கெர்னலும் கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. 2019-இல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தபோதே, ஒரு தலைமுறை ரெய்டு கார்டுகளின் டிரைவர்களைக் கழற்றிவிட்டார்கள். நம்பகம் என்று பேரெடுத்து, அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கப்பட்ட கார்டுகள் அவை. கார்டு சாகவில்லை, பட்டியல்தான் செத்தது. நிலைத்து நிற்கும் ஹார்ட்வேர் என்று தேடித் தேடி வாங்கினோமே, அது நின்றது, மற்றதெல்லாம் நகர்ந்துவிட்டது.

ராமில் நடந்திருப்பது இதைவிட வேடிக்கை. 128 எம்பி போட்ட காலத்தில் சாதாரண மேசை மதர்போர்டில் இசிசி கிடைத்தது. இன்று அதே மேசையில் 128 ஜிபி போடலாம், ஆயிரம் மடங்கு. காவலைத்தான் எடுத்துவிட்டார்கள். இன்டெல்லின் சாதா பிராசஸர் வரிசையில் பெரும்பாலானவை பல வருஷம் இசிசி இல்லாமலே வந்தன. வேண்டுமென்றால் ஜியான் வாங்கு, இல்லாவிட்டால் தனிச் சிப்செட் போட்ட போர்டு தேடு. ஏஎம்டி ரைசனில் இருக்கலாம், போர்டு தயாரித்தவர் மனம் வைத்தால். நிலத்தைப் பெரிதாக்கிவிட்டு வேலியைப் பணக்காரர்களுக்கு மட்டும் விற்பதில் ஒரு வியாபார நியாயம் இருக்கலாம், எனக்கு விளங்கவில்லை.

பிட் புரள்வது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. 2009-இல் பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கூகுளின் சர்வர் கூட்டத்தை இரண்டரை வருஷம் கவனித்து எழுதியது. ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேலான ராம் பலகைகள் பிழை காட்டியிருந்தன. அதே ஆய்வு, வெப்பத்துக்கும் பிழைக்கும் நாம் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தமில்லை என்றும் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. காரணம் தெரியாத கோளாறுக்கெல்லாம் சென்னை வெயிலைக் காட்டித்தான் அத்தனை வருஷம் கஸ்டமர்களைச் சமாளித்திருந்தோம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 தொடக்கத்தில் இசிசி விஷயத்தில் இன்டெல்லைக் காய்ச்சி எடுத்தார். அடுத்த வருஷம் அக்டோபரில் அவருடைய சொந்த மெஷினிலேயே ராம் பலகை ஒன்று கெட்டுப்போய், கெர்னல் வேலை தாமதமானது. அந்த மெஷினில் இருந்தது இசிசி இல்லாத ராம். லினக்ஸின் தகப்பனுக்கே அந்த மெஷினைச் சேர்த்த காலத்தில் சரியான ராம் வாய்க்கவில்லை என்றால், தேனாம்பேட்டையில் நாங்கள் அவ்வளவு மோசமாக ஒன்றும் செய்துவிடவில்லை.

மேசை விதி மட்டும் மாறவில்லை, மேசைதான் இடம் மாறிவிட்டது. வால்நட் க்ரீக்கின் இடத்தில் இன்று நெட்ஃபிளிக்ஸ். படம் அனுப்பும் அவர்களுடைய சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகின்றன. ஒரே பெட்டியிலிருந்து நொடிக்கு 400 கிகாபிட் அனுப்பியதை 2021-இல் ட்ரூ கலட்டின் விளக்கினார். ஏஎம்டி எபிக் பிராசஸர், 256 ஜிபி ராம். சிக்கல் ராமின் அளவில் இல்லை, வேகத்தில். டிஸ்கிலிருந்து வரும் தகவல் ராமில் இறங்கி, என்கிரிப்ட் ஆக பிராசஸருக்குப் போய், திரும்பி வந்து, பிறகு நெட்வொர்க் கார்டுக்குப் போக, ராமை நான்கு தரம் கடக்கிறது. 400 கிகாபிட் என்றால் நொடிக்கு 50 ஜிபி. நான்கால் பெருக்கினால் 200. அந்தப் பெட்டியின் ராமால் முடிந்தது 150 சுமார். என்கிரிப்ட் வேலையை நெட்வொர்க் கார்டிடமே தள்ளிவிட்டதும் பாரம் பாதியானது. இந்தக் கலட்டின் யார் என்று பார்த்தால், முன்பு மிரிகாம் நிறுவனத்தில் இருந்தபோது அவர்களுடைய கார்டுக்கு ஃப்ரீபிஎஸ்டி டிரைவர் எழுதியவர். ரியல்டெக் கார்டைத் திட்டிய கோப்பிலிருந்து இதுவரை, ஆட்கள் ஒரே வகைதான்.

இதையெல்லாம் அக்கா மகன் சும்மா கேட்கவில்லை. அவர்களுடைய கிளவுட் பில் சம்பளப் பட்டியலை எட்டிப் பிடித்துவிட்டது. ஒன்றிரண்டு மெஷினைச் சொந்தமாக வாங்கி டேட்டா சென்டரில் வைக்கலாம் என்று முடிவாகி, “மாமா, எதை வாங்கலாம்?” என்று வந்து நின்றான். நான் மேசை விதியைச் சொன்னேன். அவன் லேப்டாப்பைத் திறந்து, பார்த்து வைத்திருந்த நெட்வொர்க் கார்டின் டிரைவரில் கடைசி ஒரு வருஷத்தில் கைவைத்தவர்கள் யார் என்று வரிசையாகப் பார்த்தான். பாதிப் பேர் கார்டு தயாரித்த கம்பெனியின் சம்பளக்காரர்கள், மீதிப் பேர் அந்தக் கார்டை ஆயிரக்கணக்கில் ஓட்டும் கம்பெனிகளின் சம்பளக்காரர்கள். “இது போதுமா?” என்றான். நான் மூலநிரல் சிடியைத் தேடிப் பிடித்து, கோப்பைத் திறந்து, கமென்ட் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

ராமில்தான் வசமாக மாட்டினான். டேட்டா சென்டர்கள் கழித்துக் கட்டிய பழைய சர்வர்களில் இருக்கும் ரெஜிஸ்டர்ட் இசிசி ராம் கொஞ்ச நாள் முன்பு வரை சல்லிசாகக் கிடைத்தது. 2025 முடிவில், ஏஐ ஓட்டுகிறவர்கள் உலகத்து ராமையெல்லாம் அள்ளிக்கொண்டதில் விலை விண்ணுக்குப் போய்விட்டது. அன்று பூகம்பம், இன்று இது. அதோடு, டிடிஆர்4-இல் ரெஜிஸ்டர்ட் பலகை சாதா போர்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. பொருந்துகிறதே என்று வாங்கியவர்கள் கைவசம் அப்படி நிறைய இருக்கிறது. கடைசியில் ஐந்தாறு வருஷப் பழைய ஜியான் பெட்டி ஒன்றை, ராமோடு சேர்த்து, ரிட்சி ஸ்ட்ரீட்டிலேயே பிடித்தோம். பாய் கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறார், ஜிபே ஸ்டிக்கரோடு. ஃப்ரீபிஎஸ்டி சமர்த்தாக ஏறியது. ராம் முழுவதும் தெரிந்தது; யாரும் எதையும் எழுதித் தெரிவிக்கவில்லை.

மறுநாள் கெர்னல் லாகில் எம்சிஏ என்று தொடங்கும் வரிகள். நடுவில் சிஓஆர், கடைசியில் எந்தச் சேனலில் மெமரி பிழை என்ற விவரம். ஒரு பிட் புரண்டு, திருத்தப்பட்டிருக்கிறது. அரை மணிக்கு ஒன்று, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒன்று. எங்கள் காலத்தில் சிக்னல் 11 வந்து ஊகித்தது, இவனுக்குச் சேனல் நம்பரோடு வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். ரப்பரால் தேய்த்துப் பார்க்கச் சொல்லி நான் அனுப்பிய மெசேஜை அவன் படித்தான், பதில் போடவில்லை.

கடைக்காரர் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். “கரெக்ட் ஆயிடுச்சுன்னுதானே தம்பி போட்டிருக்கு? அதுவே சரி பண்ணிக்குது. நல்ல ராம். இதை மாத்திக் கேக்கறீங்களே!”

இவன் விடவில்லை. பலகையை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் போட்டு, பிழையும் அதோடு கூடவே போவதை வீடியோ எடுத்து அனுப்பினான். மாற்றிக் கொடுத்துவிட்டார், தகராறில்லாமல். பழையதை வாங்கி, ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாராம்: இசிசி, ஒர்க்கிங், டெஸ்டிங் வாரண்டி.